வீட்டைப் பூட்டும் முன் ஒரு குவளை தண்ணீர்

பழவேற்காடு ஏரிப் பக்கத்து ஆரம்பாக்கத்தில் கோடை விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்புபவர்கள் கேஸ் சிலிண்டரை மூடுவார்கள், மெயின் சுவிட்சை அணைப்பார்கள், பூட்டை நாலு தரம் இழுத்துப் பார்ப்பார்கள். குளியலறைத் தண்ணீர் போகும் துளை மட்டும் பெரும்பாலும் ஞாபகத்துக்கு வராது.

அந்த ஜாலிக்கு அடியில் இருப்பதை பிளம்பர்கள் ‘நானி டிராப்’ என்பார்கள். அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். செப்டிக் டேங்க் வாயுவும் கரப்பான் பூச்சியும் வீட்டுக்குள் வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். புழங்காத வீட்டில், மே மாத வெயிலில், சில வாரங்களில் அது வற்றிவிடும்.

நாற்றம்தானே என்று விட்டுவிட முடியாது. 2003ல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் அடுக்குமாடியில் 300க்கும் மேற்பட்டோருக்கு சார்ஸ் தொற்றியது. வறண்டுபோன குளியலறை டிராப்கள் வழியாகவும் கிருமி பரவியிருக்கலாம் என்றது விசாரணை. தனி வீட்டுக்கு அவ்வளவு பயமில்லை. பல வீடுகளுக்கு ஒரே கழிவுக்குழாய் உள்ள அடுக்குமாடிக்காரர்கள்தான் அதிகம் கவனிக்க வேண்டும்.

கிளம்பும் அன்று ஒவ்வொரு துளையிலும் ஒரு குவளை தண்ணீர், அதன்மேல் இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் ஊற்றினால் போதும். எண்ணெய் மேலே மிதந்து தண்ணீர் ஆவியாவதைத் தடுக்கும். (இதற்குப் போய் செக்கு நல்லெண்ணெயை வீணாக்க வேண்டாம்!) பக்கெட், குடம், டிரம் எல்லாவற்றையும் கவிழ்த்து வையுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வெளிவந்து பறக்கப் பத்து நாள் கூடத் தேவையில்லை.