வேஷம் வராத களரி

தபேலா மேதை ஜாகிர் உசேன் 2024 டிசம்பர் 15 அன்று சான் பிரான்சிஸ்கோவில் காலமானார். செய்தி கேட்ட இரவில் பரணிலிருந்து ஒரு பழைய அட்டைப்பெட்டியை இறக்கினேன். தேடிய ஒலிநாடா கிடைத்தது. அதைப் போட்டுக் கேட்க வீட்டில் கருவி இல்லை. நாடாவுக்கு அடியில் நான் தேடாத ஒன்றும் இருந்தது. 1994இல் செஞ்சியில் நாங்கள் நான்கைந்து பேர் சேர்ந்து நடத்திய கையெழுத்து இதழின் ஒளிநகல். நாற்பது பிரதிகள் எடுத்து, முப்பதை நண்பர்களுக்கு இலவசமாகக் கொடுத்து, மிச்சத்தை விற்க முடியாமல் நின்றுபோன இதழ். அதில் நான் எழுதிய கட்டுரையின் தலைப்பு 'சக்தி: மூன்று செவிகள்'. முப்பது வருடங்களுக்குப் பிறகு அதைப் படித்தபோது முதலில் மொழிநடைக்காகக் கூசினேன். பிறகு வேறொன்றுக்காக.

சக்தி என்ற குழுவை அறியாதவர்களுக்காகச் சிறு குறிப்பு. ஜான் மெக்லாஃப்லின் இங்கிலாந்தில் பிறந்த கிட்டார் கலைஞர். மைல்ஸ் டேவிஸின் 'பிட்சஸ் ப்ரூ' உள்ளிட்ட இசைத்தட்டுகளில் வாசித்தவர். 1971இல் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்ற குழுவைத் தொடங்கி, ஜாஸையும் ராக்கையும் மின்சாரத்தில் பற்றவைத்து உலகப் புகழ் பெற்றார். புகழின் உச்சியிலிருந்து சட்டென்று இறங்கி, மின்கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, சாதாரண மரக் கிட்டாருடன் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். அருகில் வயலினுடன் எல்.சங்கர், தபேலாவுடன் ஜாகிர் உசேன், கடத்துடன் விக்கு விநாயக்ராம், மிருதங்கத்துடன் ராமநாதபுரம் ராகவன். ஐவரில் மூவர் தமிழர். 1975 ஜூலை 5 அன்று அமெரிக்காவின் லாங் ஐலண்டில், சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் நடந்த கச்சேரி அப்படியே பதிவாகி, 1976இல் அவர்களுடைய முதல் இசைத்தட்டாக வந்தது.

மூன்றே உருப்படிகள். 'ஜாய்' பதினெட்டு நிமிடம். 'லோட்டஸ் ஃபீட்' ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. இரண்டாம் பக்கம் முழுவதும் இருபத்தொன்பது நிமிடத்துக்கு ஒரே உருப்படி. அதன் தலைப்பு, எனக்கு இது எதற்கு, அது எதற்கு, என் இறைவனின் பாதத்தில் ஆடுகிறேன், எல்லாம் ஆனந்தம் என்ற பொருளில் மூன்று வரிக்கு நீளும். எழுபதுகளின் கிறுக்கு என்று இன்று சிரிக்கலாம். எங்களுக்கு அது வேதம்போல இருந்தது.

பாண்டிச்சேரியிலிருந்த நண்பன் ஒருவன் தன் உறவினரின் இசைத்தட்டிலிருந்து அறுபது நிமிட ஒலிநாடாவில் பதிந்து கொடுத்தான். கணக்குப் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். இரண்டாம் பக்கம் ஏறக்குறைய நிறைந்துவிட்டது. முதல் பக்கத்தில் இசை முடிந்த பிறகும் ஏழு நிமிடம் வெற்று நாடா ஓடும். வெறும் இரைச்சல். இதை நான் ஏன் சொல்கிறேன் என்பது பிறகு தெரியும்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் நண்பனின் வீட்டு மாடியறையில் கேட்டோம். ஜன்னலில் ராஜகிரி தெரியும். (2025 ஜூலையில் மராட்டியப் போர்த்தளங்களின் பட்டியலில் உலகப் பாரம்பரியச் சின்னமாகிவிட்ட அதே மலைதான். அன்று அது எங்களுக்குக் காதலர்கள் பெயர் எழுதும் பாறை.)

முதல் செவி அந்த நண்பனுடையது. சென்னையில் பொறியியல் படித்தவன். மகாவிஷ்ணுவின் 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' தொகுப்பை மனப்பாடமாக அறிந்தவன். அவனுக்கு இது துரோகம். "பில்லி கோபாம் டிரம்ஸ் எங்கடா? பாஸ் கிட்டார் எங்க? அடித்தளமே இல்லாம வீடு கட்டியிருக்கானுங்க மச்சான்" என்றான். அவன் மட்டுமல்ல, மேற்கில் மெக்லாஃப்லினின் பழைய ரசிகர்கள் பலரும் அன்று இதே ஏமாற்றத்தைத்தான் அடைந்தார்கள். மகாவிஷ்ணுவுக்கு இருந்த சந்தை சக்திக்கு அமையவில்லை. மூன்று தொகுப்புகளுக்குப் பிறகு 1978இல் குழு கலைந்தது. ஆனால் அவன் சொன்னது உண்மையில்லை. அடித்தளம் இருந்தது. விநாயக்ராம் கடத்தின் வாயை வயிற்றோடு அழுத்தியும் விலக்கியும் உள்ளேயிருக்கும் காற்றை ஆள்வார். அப்போது எழும் 'கும்' என்ற ஆழ்ந்த நாதத்தை எங்கள் மலிவான ஒலிபெருக்கி விழுங்கிவிட்டது. கருவியின் குறையை நாங்கள் கலைஞரின் கணக்கில் எழுதினோம்.

இரண்டாவது செவி எங்கள் தமிழாசிரியருடையது. மார்கழியில் சென்னைக்குப் போய் சபாக்களின் இலவசப் பகல் கச்சேரிகளைக் கேட்டுவிட்டு வருபவர். மோகமுள்ளை எங்களுக்கு அறிமுகப்படுத்தியவர். ரங்கண்ணாவின் தம்புரா பற்றி அவர் வகுப்பில் பேசும்போது செஞ்சியின் வெயிலில் காவிரிக் காற்று வரும். பொறுமையாக முழுவதும் கேட்டுவிட்டு, "தம்பி, பந்தியில அப்பளத்த மட்டும் அடுக்கிவச்ச மாதிரி இருக்கு" என்றார். ராகம் விரிவதற்குள் தாளம் முந்திவிடுகிறது, கோர்வை, தீர்மானம், கோர்வை, கைதட்டல். வீணையில் செய்யக்கூடியதைக் கிட்டாரில் செய்துகாட்ட என்ன அவசியம்?

அவர் அறிந்திருக்க நியாயமில்லை. மெக்லாஃப்லின் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ்.ராமநாதனிடம் வீணை பயின்றவர். வீணையில் மெழுகின்மேல் உயர்ந்து நிற்கும் மெட்டுகளுக்கு இடையே தந்தியை இழுத்துக் கமகம் பிடிக்க இடமிருக்கிறது. கிட்டாரில் அது இல்லை. ஆகவே மெட்டுகளுக்கு இடையிலான மரத்தைக் குழியாகக் குடைந்து, குறுக்கே ஏழு சுருதித் தந்திகளைக் கட்டி, தனக்கென ஒரு கிட்டாரைச் செய்துகொண்டார். செய்தவர் ஏப்ரஹாம் வெக்டர். வீணையைப் போலி செய்யும் ஆசையில் யாரும் இவ்வளவு தூரம் போகமாட்டார்கள் என்றே எனக்குப் படுகிறது. தன் கருவியின் வாய்க்கு இன்னொரு மொழியைப் பழக்க நினைத்தவரின் வேலை அது. ஆனாலும் ஆசிரியரின் அப்பளம் பொய்யில்லை. 'ஜாய்' உருப்படியை இன்று கேட்டாலும், வேகத்தின் மேலுள்ள மயக்கம் இசையைப் பல இடங்களில் தின்றிருப்பது தெரிகிறது. ஆற அமர உட்கார அதில் ஓர் இடம் கிடையாது.

மூன்றாவது செவி என்னுடையது. சொந்தமாக எதுவும் சொல்லவில்லை. ஆசிரியர் சொன்னதைக் கொஞ்சம் தத்துவம் சேர்த்து எழுதியிருக்கிறேன். 'லோட்டஸ் ஃபீட்' மட்டும் பிடித்தது என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன், அது மெதுவாக இருந்ததால், பிடித்தது என்று சொல்வதில் ஆபத்து இல்லை. உண்மையில் இரண்டாம் பக்கத்தில் தபேலாவும் கடமும் கேள்வியும் பதிலுமாக நெருங்கி நெருங்கி வரும் இடத்தை இரவுகளில் தனியாகப் பத்துப் பதினைந்து முறை போட்டுக் கேட்டிருக்கிறேன். அதை எழுத வெட்கமாக இருந்தது.

கட்டுரையில் நான்காவது செவி இல்லை. ஆனால் அறையில் நான்காவதாக ஒருவர் இருந்தார்.

செஞ்சிக்குச் சற்று வடக்கே மேலச்சேரி. திரௌபதி வழிபாட்டின் மூலத்தலமாகப் பேசப்படும் ஊர். ஆல்ப் ஹில்டபெய்டல் 1988இல் வெளியிட்ட ஆய்வுநூலின் துணைத் தலைப்பிலேயே செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை ஒரு பாதை போட்டார். பங்குனி சித்திரையில் இந்த வட்டாரம் முழுக்கப் பாரதம் நடக்கும். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. அப்படி ஊர் ஊராகப் போகும் ஜமா ஒன்றில் முகவீணை வாசித்த பெரியவர் ஒருவர் நண்பனின் அப்பாவுக்குப் பழக்கம். பேருந்துக்கு நேரமிருந்தால் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்வார். அன்று மாடியில் சத்தம் கேட்டு ஏறி வந்தார். கையில் துணிப்பைக்குள் முகவீணை. ஒரு முழம்கூட வராத சின்னக் குழல். விடிய விடிய நூற்றுக்கணக்கானவர்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்கும்.

நாங்கள் 'ஜாய்' போட்டோம். கிட்டாரும் வயலினும் ஒரே மூச்சில் ஓட, தோலும் மண்ணும் துரத்த, பெரியவர் தொடையில் தாளம் போட்டபடி தலையசைத்தார். நண்பன் எனக்குக் கண்ணைக் காட்டினான். பிறகு 'லோட்டஸ் ஃபீட்' மெதுவாக ஆரம்பித்ததும் தாளத்தை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அது முடிந்தது. நாடா வெறுமனே ஓடியது. நாங்கள் பேச ஆரம்பித்துவிட்டோம். அவர் அசையவில்லை. ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு நிமிடமும் ஓடி, பொத்தான் 'டக்'கென்று எழும்பியபோது கேட்டார்:

"வேசம் இன்னும் வரலியே தம்பி?"

நாங்கள் சிரித்தோம். அவர் போன பிறகு இன்னும் அதிகமாகச் சிரித்தோம். இதழில் சேர்க்கலாமா என்று நண்பன் கேட்டான். "இது ரசனை பற்றின கட்டுரைடா, நகைச்சுவைத் துணுக்கு இல்ல" என்று சொன்னது நான்தான். இந்த வாக்கியத்தை முப்பது வருடங்களாக நான் மறந்திருந்தேன் என்று சொன்னால் பொய்.

கூத்து பார்த்தவர்களுக்கு அவர் கேட்டதன் பொருள் புரியும். முதலில் களரி கட்டுவார்கள். மிருதங்கம், ஆர்மோனியம், முகவீணை, தாளம் எல்லாம் சேர்ந்து ஊரைக் கூட்டும் வேகமான வாசிப்பு. பிறகு இருவர் திரையைப் பிடித்து நிற்க, அதன் பின்னிருந்து வேஷக்காரர் நிதானமாக விருத்தம் எடுப்பார். அதன்பின் திரை விலகும். துரியோதனனோ கர்ணனோ கிறிக்கி சுற்றிக்கொண்டு பாய்ந்து வருவான். பெரியவர் எங்கள் ஒலிநாடாவின் முதல் பக்கத்தைத் துல்லியமாகப் பின்தொடர்ந்திருக்கிறார். 'ஜாய்' களரிக்கட்டு. 'லோட்டஸ் ஃபீட்' திரை விருத்தம். அந்த ஏழு நிமிட இரைச்சல், திரை இன்னும் விலகாமல் நிற்கும் நேரம். அவர் காத்திருந்தார்.

மற்ற மூன்று பேரும் அந்த இசை வேறொன்றாக இல்லையே என்று குறைப்பட்டோம். நண்பனுக்கு அது மகாவிஷ்ணு இல்லை, ஆசிரியருக்குக் கச்சேரி இல்லை. நான் இருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒருவர்தான் அது எதற்காக வாசிக்கப்படுகிறது என்று கேட்டார். இறைவனின் பாதத்தில் ஆடுகிறேன் என்று தலைப்பு வைத்த இசைத்தட்டில் ஆடுபவர் எங்கே என்ற கேள்விக்கு, நான் படித்த எந்த விமர்சனத்திலும் பதில் பார்த்ததில்லை.

இன்னொன்றும் அன்று சொன்னார். இரண்டாம் பக்கத்தைப் பாதி கேட்டுவிட்டுப் பேருந்துக்குக் கிளம்பும்போது, "அந்தப் பானைக்காரரு நல்லா வழிவுடறாரு. எங்க ஜமாவுல மத்தளக்காரன் வுடமாட்டான்." பிறகு, சற்று தயங்கி, "இதுல முகவீணைய சேத்துக்குவாங்களா?" என்று கேட்டார். நண்பன் "சேத்துக்குவாங்க பெரியப்பா" என்றான், வேண்டுமென்றே.

யாரும் சேர்க்கவில்லை. கிழக்கும் மேற்கும் சந்திக்கும் பாலம் என்று சக்தியைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. அந்தப் பாலத்தின் நம் பக்கக் கரை எது என்று பார்த்தால், சபா மேடையாகவும் இந்துஸ்தானி அரங்கமாகவும் இருக்கிறது. இதில் அந்தக் கலைஞர்களின் குற்றம் எதுவும் இல்லை. கச்சேரி மேடையிலேயே கடைசி வரிசையில் இருந்த கடத்தை உலகின் முன்வரிசைக்குக் கொண்டுவந்தவர் விநாயக்ராம். ஆனால் அந்த எழுபதுகளிலேயே இங்கே ந.முத்துசாமியும் நண்பர்களும் கூத்தை நவீன நாடகத்தின் மூலவளமாகக் கண்டடைந்து 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார்கள். சிற்றிதழ் வாசகர்களாகிய நாங்கள் அவர் எழுதியதைப் படித்துக் கூத்தைப் பற்றி மரியாதையாகப் பேசக் கற்றிருந்தோம். கூத்துக்காரர் மாடிப்படி ஏறி வந்து கருத்து சொன்னபோது சிரித்தோம். 2018 ஜனவரியில் சென்னையில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறி, கானாவும் பறையும் கிட்டாரும் ஒரே வரிசையில் நின்றதைப் பார்த்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தத் துணிப்பைதான்.

பெரியவர் இப்போது இல்லை. ஆசிரியரும் இல்லை. 2023இல் சக்தி மீண்டும் 'திஸ் மொமென்ட்' என்ற தொகுப்பை வெளியிட்டது. சங்கர் மகாதேவன், வயலினில் கணேஷ் ராஜகோபாலன், தந்தையின் இடத்தில் செல்வகணேஷ். 2024 பிப்ரவரியில் அதற்குக் கிராமி விருது கிடைத்ததும் நண்பன் டெக்சாஸிலிருந்து அழைத்தான். "பழசுக்குப் பக்கத்துல வராது மச்சான்" என்றான். பழசைத் துரோகம் என்றவன் அவன். நான் ஞாபகப்படுத்தவில்லை. பெரியவரைப் பற்றிப் பேசலாம் என்று நினைத்தேன். அவனே, "அந்தப் பெரியப்பா என்னவோ கேட்டாரேடா" என்றான். இருவரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம்.

அன்றிரவு, பெட்டியை மூடிவைத்துவிட்டு, கைபேசியில் முதல் தொகுப்பைத் தேடிப் போட்டேன். கடத்தின் 'கும்' என்ற நாதம் செவிக்கருவியில் முதல்முறையாகத் தெளிவாகக் கேட்டது. இதில் பக்கங்கள் கிடையாது, வெற்று நாடா கிடையாது. 'லோட்டஸ் ஃபீட்' முடிந்த மறுநொடி அடுத்தது தொடங்கிவிடுகிறது. அதை நிறுத்தினேன். ஏழு நிமிடம் கழித்து மறுபடி போட்டேன்.