தண்ணி வேண்டாம் சாமி!

'தண்ணீர் திறந்து விடு' என்று விவசாயிகள் மறியல் செய்து பார்த்திருப்பீர்கள். 'ஐயா, புண்ணியமாப் போகும், திறந்துடாதீங்க' என்று கெஞ்சின ஊரைப் பார்த்ததுண்டா? சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையத்துக்கு ஒருதரம் போய் வாருங்கள். நான் போனேன்.

திருப்பூரிலிருந்து நொய்யல் ஓடுகிற திசையிலேயே சுமார் 30 கிலோமீட்டர். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேரும் ஆறு. 1992-ல், சுமார் 20,000 ஏக்கர் பாசனத்துக்கென்று குறுக்கே அணை கட்டினார்கள். ஆனால் வந்து நிரம்பியதோ திருப்பூர்ச் சாயத் தண்ணீர். அரசாங்கச் செலவில் ஒரு சாயக்குட்டை!

"கலரு கெடக்குதுங்க. எங்களக் கெடுத்தது உப்புங்க" என்றார், அணையோரம் ஆடு மேய்த்த பெரியவர்.

ரொம்பச் சரி. தண்ணீருக்குள் சாயமும் பருத்தி நூலும் ஒன்றையொன்று தள்ளும். சமாதானம் பண்ணி ஒட்ட வைக்கிற தரகர்தான் உப்பு. லிட்டருக்கு 50 கிராம், அடர்த்தியான கலர் என்றால் இன்னும் மேலே. கடல் தண்ணீரிலேயே சுமார் 35 கிராம்தான்! தரகர் துணியில் தங்குவதில்லை. அப்படியே சாக்கடை வழியாக ஆற்றுக்கு. நிறத்தைச் சுண்ணாம்பு போட்டு இறக்கிவிடலாம். உப்பு அதற்கெல்லாம் மசியாது.

"கெணத்துத் தண்ணில பருப்பு வேகாதுங்க. மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கும். எளநி வெட்டுனாக்கூடக் கரிக்குமுங்க!"

மாட்டுக்கு மூஞ்சியைத் திருப்பத் தெரிந்தது. மனுஷனுக்கு லாரித் தண்ணீர் வரும்வரை வேறு வழி? உப்புத் தண்ணீரையே வருஷக்கணக்கில் குடித்தால் ரத்தக் கொதிப்பு எகிறும். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு இன்னும் ஆபத்து.

திருப்பூரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. ராமநாதபுரத்துப் பையன் முதல் பீகார் பையன் வரை சோறு போடுகிற ஊர். நாம் போடுகிற பனியனும் அங்கே வந்ததாக இருக்கலாம். ஆனால் அந்தச் சோற்றுக்கு ஒரத்துப்பாளையத்துக்காரர் ஏன் பில் கட்டணும்?

ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறக் கூடாது என்று 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. கேட்கவில்லை. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மொத்தமாக மூடச் சொன்னது. அப்புறம்தான் விழித்துக்கொண்டார்கள். கழிவுநீரைச் சவ்வில் வடிகட்டி, காய்ச்சி, தண்ணீரையும் உப்பையும் பிரித்துத் திரும்பப் பயன்படுத்தினார்கள். செலவு பிடிக்கிற வேலைதான். முன்பு அந்தச் செலவைத்தான் ஆற்றில் விட்டார்கள்.

கடைசியில் கலப்பு உப்பு என்று ஒன்று மிஞ்சுகிறது. சாயத்துக்கும் உதவாது, சாம்பாருக்கும் உதவாது. மூட்டை மூட்டையாகக் கட்டி, மழை படாமல் கூரைக்கடியில் அடுக்கி வைக்க வேண்டியிருக்கிறது.

"அது நனைஞ்சா எங்கீங்க வரும்?" என்று கேட்டுவிட்டுப் பெரியவர் ஆற்றைப் பார்த்தார்.