நீரின்மேல் ஒரு பாதை

மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுடையது. ஞாயிறு எழுகின்ற கடற்பக்கத்தை எழுவான்கரை என்றும், அது சாய்கின்ற வயற்பக்கத்தைப் படுவான்கரை என்றும் அங்குள்ளோர் வழங்குவர். படுவான்கரையில் நெல் விளையும். பெருந்தெருவும் பெரிய சந்தைகளும் எழுவான்கரையில் உள்ளன. ஒரு கரையார்க்கு மறுகரை இன்றியமையாததாயிற்று. அத்தேவையிற் பிறந்தவையே வாவியோரத்துத் துறைகள்.

இத்துறைகளில் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிச்செல்லும் மிதவைக்கு மக்கள் இட்ட பெயர் 'பாதை' என்பதாகும். இச்சொல் சிந்திக்கத்தக்கது. தெரு நீர் விளிம்பில் முடிந்துவிடுவதில்லை; மிதந்தவாறு அக்கரைக்குத் தொடர்கின்றது என்னும் கருத்து அதனுள் அடங்கியுள்ளது.

குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே நெடுங்காலமாக மக்களைச் சேர்த்துவைத்தது இத்தகைய பாதையே. சின்னக் கதிர்காமம் எனப் போற்றப்படும் மண்டூர் முருகன் கோயிலின் ஆவணித் திருவிழாவுக்கு அடியார்கள் இவ்வழியே திரள்வர். ஏனைய நாட்களில் ஆசிரியர், மாணவர், நெல்மூடையுடன் வரும் கமக்காரர், களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்குச் செல்லும் நோயாளர் ஆகியோர் துறையிற் காத்துநிற்பர். பாதை தவறினால் வெல்லாவெளியூடாகப் பட்டிருப்புப் பாலத்தைச் சுற்றியே செல்லவேண்டும். கைக்குழந்தையுடன் நிற்கும் தாய்க்கு அச்சுற்றுவழி எத்துணை நீண்டதென்பதை வரைபடம் உணர்த்தமாட்டாது.

துறைக்கென எழுதப்படாத ஒழுங்கொன்றும் உண்டு. பாதையில் வந்தோர் இறங்கிய பின்னரே நிற்போர் ஏறுவர். மோட்டார் சைக்கிள்கள் உருட்டி ஏற்றப்பட்டுப் பாரம் இருபுறமும் சமமாகப் பகிரப்படும். முதியவர்க்கு நடுவில் இடம் விடப்படும். கரை நெருங்கும் கணமே அவதானத்துக்குரியது. முதலில் இறங்கும் ஆவலில் எல்லோரும் முன்விளிம்புக்கு நெருக்கினால் மிதவை ஒருபுறம் சாயும். பாதை கட்டப்படும்வரை பொறுத்து நிற்பவன் பிறருடைய உயிரையும் காக்கின்றான். அறிமுகமற்றோர் ஒருவர்மேல் ஒருவர் வைக்கும் நம்பிக்கையிலேயே அப்பலகைகள் மிதக்கின்றன எனில் மிகையாகாது.

எனினும், பயணிகளின் பொறுமை மாத்திரம் போதுமா? 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. அவ்விடங்களில் தலைமுறைகள் பட்ட இடர் ஓய்ந்தது. ஆனால், 2021 நவம்பர் 23 ஆம் திகதி அதே கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில், பாலவேலை நடைபெற்றமையால் மாற்றாக ஓடிய பாதை கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட சிறார் உட்பட அறுவர் அன்றே மாண்டனர். அச்சிறார் செய்த பிழை யாது? பள்ளி மணிக்கு முன் சென்றுசேர விரும்பியது ஒன்றே. ஏற்றத்தக்க பாரத்தை வரையறுப்பதும், உயிர்காப்பு அங்கி வழங்குவதும், மிதவையின் உறுதியைச் சோதிப்பதும் அவர்களுடைய பொறுப்பாக இருந்ததில்லை.

தெருவிற் குழி விழுந்தால் அதனை நிரப்புவது அரசின் கடமை என்பதை எவரும் மறுப்பதில்லை. நீரின்மேல் உள்ள தெருவுக்கு மட்டும் வேறு நீதி இருத்தல் கூடுமோ? பாலம் வரும் என்னும் வாக்குறுதி பாலமாகாது. அது வரும்வரை மக்கள் நாள்தோறும் கடந்தேயாக வேண்டும். இன்றைய பாதையை நாளைய பாலத்தின் பெயராற் புறக்கணிப்பது அறமன்று. மிதவைக்குப் 'பாதை' எனப் பெயரிட்ட மக்கள் தம் உரிமையையும் அச்சொல்லிலேயே கூறிவைத்துள்ளனர். ஆட்சியாளர் அதனை அதன் நேர்ப்பொருளிலேயே கொள்ளுதல் வேண்டும்.