அம்மம்மாவின் அனுமதிச்சீட்டு

கல்வியின் பொருட்டுப் பிரிந்து வாழ்தல் நம்மவர்க்குப் புதியதொன்றன்று. என் அப்பப்பா கொழும்பிலே எழுதுவினைஞராக இருந்தார். அப்பம்மா ஐந்து பிள்ளைகளுடன் யாழ்ப்பாணத்தில் இருந்தார். மாதந்தோறும் காசுக்கட்டளை வரும். நீண்ட விடுமுறைகளில், 1956 ஆம் ஆண்டு ஓடத் தொடங்கிய யாழ்தேவியில் அப்பப்பாவும் வருவார். குடும்பத்தையே கொழும்புக்கு அழைத்திருக்கலாமே என்று நான் ஒருமுறை கேட்டபோது, “பள்ளிக்கூடம் இஞ்சையல்லோ பிள்ளை” என்று அப்பம்மா ஒரே வசனத்தில் விடை கூறிவிட்டார். ‘மணியோடர் பொருளாதாரம்’ என்று நாம் விரிவுரைகளிற் கேட்பதன் உள்ளே இத்தகைய வீடுகள் பல இருந்தன.

அக்காலத்தில் தந்தை தொழிலுக்காகச் சென்றார். தாயும் பிள்ளைகளும் பாடசாலைக்கு அருகில் இருந்தனர். இன்று பாடசாலையே கடல் கடந்துவிட்டது. பிள்ளை அதன் பின்னே செல்கிறது. பிள்ளையின் பின்னே ஒரு பெண் செல்கிறாள். எங்கள் வீட்டில் அவ்வாறு சென்றவர் என் அம்மா.

2022 ஆம் ஆண்டின் நெருக்கடியை நாம் மறந்திருக்க முடியாது. எரிவாயுவுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, நாளொன்றுக்குப் பல மணிநேர மின்வெட்டு. அவ்வாண்டு மார்ச்சில், கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்திற் பாடசாலைத் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. கொழும்பிலே வங்கியொன்றிற் பணிபுரியும் என் அக்கா அன்றுதான் தன் மகனை வெளிநாட்டிற் படிப்பிப்பதென முடிவு செய்தாள். அத்தான் கப்பலில் பொறியியலாளர். ஆண்டின் பெரும்பகுதி கடலில். அக்கா வேலையை விட்டால் கட்டணம் கட்ட வழியில்லை. மலாயாவுக்குப் புகையிரத வேலைக்குச் சென்ற எங்கள் முன்னோர் ஒருவரின் பேரன் சிங்கப்பூரிற் குடியுரிமையுடன் இருக்கிறார். அவர் பொறுப்பாளராக நிற்க இசைந்தார். மருமகன் நுழைவுத் தேர்விலே தேறினான். பிள்ளையோடு யார் இருப்பது என்பது மட்டுமே எஞ்சியது.

மாணவர் அனுமதியுடன் அங்கே படிக்கும் பிள்ளையின் தாயோ பாட்டியோ நீண்டகால வருகை அனுமதி கோரி விண்ணப்பிக்கலாம். முப்பத்துநான்கு ஆண்டுகள் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற என் அம்மா பாட்டி என்னும் தகுதியில் விண்ணப்பித்தார். விதிகளை அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து இருமுறை வாசித்தார். பின்னர், “இதிலை அம்மப்பாவுக்கு இடமில்லை” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். தாயும் பாட்டியும் அந்த ஏற்பாட்டில் உளர். தந்தையும் பாட்டனும் இலர். அப்பா குறுகிய காலப் பார்வையாளராகச் சென்று வரலாம். உடனிருந்து வாழ இயலாது. 2024 சனவரியில் அம்மா கட்டுநாயக்காவில் விமானமேறினார்.

நிற்க. இவ்விடயத்தில் ஒவ்வொரு நாடும் வெவ்வேறு எல்லையை வரைந்திருப்பதைப் பின்னர் தேடி அறிந்தேன். பிரித்தானியாவில், கட்டணம் பெறும் தனியார் பாடசாலையிற் படிக்கும் நான்கு முதல் பதினொரு வயது வரையான பிள்ளையோடு பெற்றோரில் ஒருவர் மட்டும் தங்கலாம். அவர் ஊதியத்துக்கு உழைத்தலும் தாமே ஒரு கல்வி நெறியிற் சேர்தலும் ஆகா. பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது நிறைந்தவுடன் அவருடைய அனுமதியும் முடிந்துவிடும். அவுஸ்திரேலியாவில் மாணவர் பாதுகாவலருக்கென்றே தனி விசா உண்டு. அங்கும் தொழில் செய்யலாகாது. தக்க மாற்று ஏற்பாட்டுக்கு ஒப்புதல் பெறாமல் பிள்ளையைத் தனியே விட்டு நாட்டைவிட்டு வெளியேறவும் ஆகாது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மாணவருடைய துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் விசா உண்டு, பெற்றோருக்கென ஒன்றில்லை.

இவ்விதிகளுக்குக் காரணம் இல்லாமலில்லை. பிள்ளையின் கல்வி, பெற்றோர் குடியேறுவதற்கான மறைவழி ஆகிவிடக்கூடாது என்று அரசுகள் எண்ணுகின்றன. அதே வேளையில், சிறுபிள்ளையைத் தனியே விடுதல் தகாது என்றும் கருதுகின்றன. இவ்விரண்டு எண்ணங்களும் சந்திக்கும் இடத்தில் விநோதமான ஒரு மனிதப் பிறவி தோன்றுகிறது: இருக்க வேண்டும், ஆனால் எதுவாகவும் இருக்கக்கூடாது.

இந்நிலைக்குக் கொரியர் பெயரே இட்டுவிட்டனர். மனைவியையும் பிள்ளைகளையும் ஆங்கிலம் வழங்கும் நாடுகளுக்கு அனுப்பிவிட்டுத் தனித்திருந்து உழைக்கும் தந்தையை அவர்கள் ‘காட்டுவாத்துத் தந்தை’ என்பர். பருவந்தோறும் நெடுந்தூரம் பறந்து செல்லும் பறவை அது. கொரியத் திருமணச் சடங்கில் இணைபிரியாமைக்கு அடையாளமாக வைக்கப்படுவதும் அதுவே. நினைத்த போதெல்லாம் பறக்க வசதியுள்ளவர் ‘கழுகுத் தந்தை’. பயணத்துக்குப் பணமில்லாதவர் ‘பென்குயின் தந்தை’. இதனை அப்பாவுக்குச் சொன்னேன். “அப்ப நான் பென்குயின்” என்றார். எங்கள் அப்பப்பாவுக்கு இவ்வாறு ஒரு பெயரை யாரும் இடவில்லை.

சென்ற ஆண்டு அப்பாவுக்குக் கண்புரைச் சத்திரசிகிச்சை நடந்தது. மருமகனுக்குப் பரீட்சைக் காலம், அம்மா வரவில்லை. நான் பேராதனையிலிருந்து ஊருக்குச் சென்றேன். இரண்டு வார விரிவுரைகள் தவறின. பார்க்க வந்த உறவினர் ஒருவர், “பெட்டைப்பிள்ளை யாழ்ப்பாணத்திலையே படிச்சிருக்கலாம், தகப்பனையும் பாத்திருக்கலாம்” என்றார். எனக்குச் சினம் வந்தது. உறவினர்மீது வந்த சினம் மெல்ல மெல்ல அம்மாவின்மீது திரும்பிற்று. பேரனுடைய பரீட்சை பெரிதா, அப்பாவின் கண் பெரிதா? என் படிப்பு எக்கணக்கிற் சேரும்?

அன்றிரவு தொலைபேசியில் அதனைக் கேட்டும்விட்டேன். அம்மா சற்று நேரம் பேசவில்லை. பின்பு வேறொன்றைச் சொன்னார். பக்கத்து வீட்டுத் தமிழ்த் தாயொருத்தி தன் மகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கும்படி கேட்டாளாம். பணமும் தருவதாகச் சொன்னாளாம். தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாகவும் பாடசாலையில் தாய்மொழிப் பாடமாகவும் உள்ள நாடு அது. எனினும் வேலை அனுமதியின்றி ஊதியம் பெறலாகாது. பணமின்றிக் கற்பிக்கவும் அம்மா அஞ்சினார். “முப்பத்துநாலு வரியம் படிப்பிச்சனான். இஞ்சை ஒரு பிள்ளைக்கு ‘அ’ எழுதிக் காட்டவும் பயமாயிருக்குது. அப்பாவின்ரை கண்ணை நினைக்காத நாளில்லை. ஆனால் இவனை ஆரிட்டை விட்டிட்டு வாறது?”

அம்மா வேண்டுமென்றே வராமல் இருந்துவிட்டார் என்று நான் எண்ணியிருந்தேன். எங்களில் எவருக்கும் அவரளவு கைகள் கட்டப்பட்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கிற்று. அக்காவுக்குத் தொழில் உண்டு. எனக்குப் படிப்பு உண்டு. அப்பாவுக்கு வீடும் முற்றமும் உண்டு. அம்மாவுக்கு அங்கே இருப்பது ‘துணை’ என்னும் ஒரு சொல்லே. மருமகன் தொடக்கக் கல்வியை முடிக்கையில் அச்சொல்லின் பயனும் முடிந்துவிடலாம். அவன் பெறும் சான்றிதழில் அம்மாவின் பெயர் இராது.

இவ்வாறு எழுதுவதால், அக்கா செய்தது தவறு என்று நான் தீர்ப்புக் கூறவில்லை. அவளுடைய இடத்தில் இருந்தால் நானும் அதனையே செய்திருக்கக்கூடும். அப்பம்மாவின் காலந்தொட்டு, பிள்ளையின் கல்விக்கு வீட்டில் எவரேனும் ஒருவர் தம் வாழ்நாளில் சில ஆண்டுகளை ஈடாக வைத்தே வந்துள்ளனர். அந்த ஈட்டை யார் வைப்பதென்று முடிவு செய்கையில், வைப்பவரை நாம் கேட்டோமா என்பதே என் வினா. எங்கள் வீட்டில் அம்மாவை எவரும் கேட்கவில்லை. விண்ணப்பத்தில் ஒப்பமிடுமாறு மட்டுமே கேட்டோம்.

கட்டு அவிழ்த்த அன்று அப்பா முற்றத்து மாமரத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இலைகள் தனித்தனியே தெரிகின்றன என்றார். பின்பு தொலைபேசியை என்னிடமிருந்து வாங்கி, அம்மாவின் முகத்தைத் திரையிற் கண்டதும், “மெலிஞ்சு போனீர்” என்றார். அம்மா அழுதார். கண்புரை இருந்தவரை அப்பாவுக்கு அது தெரியாதிருந்தது.