துருவ இரவில் ஒரு கடல் வகுப்பு

லாங்யர்பியனில் ஜனவரி மாதத்து நண்பகலும் நள்ளிரவும் ஒரே கறுப்பு. நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில், 78 டிகிரி வடக்கில் இருக்கிறது இந்தச் சிற்றூர். அக்டோபர் கடைசியில் மறையும் சூரியன் பிப்ரவரி நடுவில்தான் அடிவானத்துக்கு மேலே வரும். மலைகளைத் தாண்டி ஊருக்குள் வெயில் விழ மார்ச் 8 ஆகிவிடும். இந்த இருட்டிலும் கடலியல் முதுகலை மாணவர்கள் படகேறிப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் நான் அங்கே போனேன்.

அவர்கள் படிக்கும் இடம் 1993இல் தொடங்கிய யூனிஸ் என்ற ஸ்வால்பார்டு பல்கலைக்கழக மையம். அது உலகின் வடகோடியில் உள்ள உயர்கல்வி நிலையம். செம்புத் தகடு போர்த்திய அதன் கட்டடம், உறைமண்ணில் ஊன்றிய தூண்கள்மேல் நிற்கிறது. காலணியை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். சுரங்கத் தொழிலாளர் காலத்துப் பழக்கமாம். பேராசிரியர்கள் வெறும் காலுறையோடு நடமாடுவது எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

இங்கே பட்டம் தருவதில்லை. வேறு பல்கலைக்கழகங்களில் சேர்ந்தவர்கள் ஒரு பாடத்துக்காகவோ ஆய்வேட்டுக்காகவோ வருகிறார்கள். வந்தவுடன் கற்பது உயிர் காக்கும் வித்தை: பனிக்கரடி வந்தால் விரட்ட வெடியும் துப்பாக்கியும் கையாள்வது, காப்புடையோடு குளிர்ந்த கடலில் இறங்குவது, முதலுதவி.

துருவ இரவில் கடல் உறங்குகிறது என்றே நெடுங்காலம் நம்பினார்கள். வெளிச்சம் இல்லை, பாசி வளராது, ஆகவே அதை உண்ணும் சிற்றுயிர்களும் ஆழத்தில் ஒடுங்கிவிடும் என்பது கணக்கு. யோர்கன் பெர்கே போன்ற கடல் உயிரியலாளர்கள் குளிர்காலத்திலேயே போய்ப் பார்த்தபோது அது பொய்த்தது. மனிதக் கண்ணுக்கு எட்டாத மங்கிய வெளிச்சத்துக்கு ஏற்பவும் இந்தச் சிறு மிதவையுயிரிகள் மேலும் கீழும் போய்வருகின்றன. முழுநிலவு நாட்களிலோ அவை சுமார் 50 மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடுகின்றன. நிலவொளியில் வேட்டையாடும் உயிர்களுக்கு அஞ்சித்தான் என்று கருதுகிறார்கள்.

என்னை உலுக்கியது வேறொன்று. கப்பலின் வழக்கமான விளக்கொளியே 200 மீட்டர் ஆழம்வரை மீன்களின் நடத்தையைக் குலைக்கிறது என்று 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. விளக்கைப் போட்டுக்கொண்டு மீன்களை எண்ணினால் கிடைக்கும் எண்ணிக்கையே தவறு!

நான் போன படகில் அளவெடுக்கும் நேரம் விளக்குகளை அணைத்துவிட்டார்கள். உப்பும் வெப்பமும் அளக்கும் கருவி இறங்கியது, பின்னால் வலை. தூக்கியபோது வலையின் கண்ணிகளில் நீலப் பொறிகள். ஒளிரும் சிறு ஓட்டுயிரிகள் என்றாள் ஒரு மாணவி. கையுறையைக் கழற்றி, விறைத்த விரல்களால் மாதிரிக் குப்பியின் மூடியைத் திருகினாள். பாடநூலில் படித்து இதை அறிய முடியாது. அங்கே குளிரில் நின்றாக வேண்டும்.

அதே தீவுக்கூட்டத்தில், நி-ஒலேசுந்த் என்ற ஊரில், இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008 முதல் இருக்கிறது. ஆனாலும் நம்முடைய முதல் குளிர்காலக் குழு 2023 டிசம்பரில்தான் அங்கே போனது. இனி ஒவ்வொரு குளிர்காலத்திலும் குழு போக வேண்டும். அதில் அறிவியலாளர்களோடு முதுகலை மாணவர்களுக்கும் இடம் ஒதுக்க வேண்டும்.