குளத்து விராலும் குளிர்நாட்டு சால்மனும்

ஹைதராபாத் சமையலறைகளுக்குள் நார்வே மீன் நுழைந்திருக்கிறது. அதை வேகவைக்கும் வித்தை அந்த ஊருக்குப் புதிதல்ல.

ஹைதராபாத்தின் ராம்நகர் மீன் மார்க்கெட்டில் உயிரோடு இருக்கும் மீனுக்குத்தான் மவுசு. அகன்ற தொட்டிகளில் கொஞ்சம் தண்ணீரில் நெளிகின்றன விரால்கள். தெலுங்கில் கொர்ரமீனு. காற்றைச் சுவாசிக்கக்கூடிய மீன் என்பதால் குளத்தைவிட்டு வந்து வெகுநேரம் ஆனாலும் சாவதில்லை. வாடிக்கையாளர் கை காட்டும் மீனைப் பிடித்து, அங்கேயே சுத்தம் செய்து துண்டு போட்டுத் தருகிறார்கள். தெலங்கானாவின் மாநில மீனும் இதுதான்.

பஞ்சாரா ஹில்ஸ், ஜூபிலி ஹில்ஸ் பக்கம் போனால் காட்சி வேறு. குளிரூட்டப்பட்ட கடைகளின் கண்ணாடிப் பெட்டியில் ஆரஞ்சு நிறத் துண்டுகள். நார்வேயின் கடல் பண்ணைகளில் வளர்ந்து, பனிக்கட்டியோடு விமானம் ஏறி வந்த சால்மன். ஒரு துண்டின் விலையில் ஒரு குடும்பமே வயிறாரக் குளத்து மீன் சாப்பிடலாம். வெளிநாட்டில் சில வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர்களுக்கு அந்த ருசி பழகிவிட்டது. வீட்டில் ஓவனும் இருக்கிறது. பிறகென்ன?

பிறகுதான் சிக்கல். இது கடல் இல்லாத ஊர். தக்காணப் பீடபூமியில் 500 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. மசூலிப்பட்டினம் கடற்கரைக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். ஊரின் நாக்கைப் பழக்கியவை ஏரி, குளத்து மீன்கள்தான். ஜூன் மாதம் மிருகசீரிட கார்த்தி அன்று மீன் சாப்பிட்டே ஆகவேண்டும் என்பது ஊர் வழக்கம். அன்று ராம்நகரில் நிற்க இடம் இருக்காது. ஆனால் விரால், ரோகு, கட்லாவைச் சமைத்துப் பழகிய கை, சால்மனிடம் தடுமாறுகிறது.

முதல் தடுமாற்றம் பெயரிலேயே. மீன் கடைகளில் 'இந்தியன் சால்மன்' என்று ஒன்று விற்கிறார்கள். மும்பைக்காரர்களின் ராவஸ், தமிழர்களின் காலா. நல்ல மீன்தான், ஆனால் சால்மனுக்கும் அதற்கும் உறவே கிடையாது. காலாவின் சதை வெளிர் நிறம். சால்மனின் ஆரஞ்சு நிறமோ அது தின்னும் இரையிலிருந்து வருவது. பண்ணையில் அந்த நிறமியைத் தீவனத்தில் கலந்து கொடுக்கிறார்கள். பெயரை நம்பி வாங்கிவிட்டு, ஓவனில் வைத்தபின் ருசி வேறாக இருக்கிறதே என்று குழம்புபவர்கள் உண்டு.

அடுத்தது கொழுப்பு. பண்ணை சால்மனில் 100 கிராமுக்குப் பத்து கிராமுக்கு மேல் கொழுப்பு இருக்கிறது. ஓவனின் வறண்ட சூட்டை அது தாங்குவது அதனால்தான். ஓவனை முன்கூட்டியே 200 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, ஈரம் துடைத்த துண்டைத் தோல் அடியில் இருக்கும்படி தட்டில் வைத்து, உப்பு, மிளகு, கொஞ்சம் எண்ணெய் தடவினால் போதும். ஓர் அங்குலக் கனத்துக்கு 12 முதல் 15 நிமிடம். முள்கரண்டியால் அழுத்தினால் சதை இதழ் இதழாகப் பிரிய வேண்டும். நம் வீடுகளில் மீன் 'நன்றாக வேகட்டும்' என்று இன்னும் பத்து நிமிடம் விடுவது வழக்கம். குழம்பில் அது செல்லும், இங்கே செல்லாது. வெள்ளையாகப் புரதம் கசிந்து, சதை சக்கையாகிவிடும். விமானக் கட்டணத்தோடு சேர்த்துக் கொடுத்த காசு அத்தோடு போச்சு.

அதே ஓவனில் விராலை அப்படியே வைத்தால்? முள் குறைவு, சதை கெட்டி, ஆனால் கொழுப்பு சொற்பம். காய்ந்து போகும். இதற்கு விடையை ஹைதராபாத் எப்போதோ கண்டுபிடித்துவிட்டது: 'தம் கி மச்சிலி'. பொன்னிறமாக வறுத்த வெங்காயம், கொப்பரை, எள், சாரப்பருப்பு ஆகியவற்றை அரைத்துத் தயிரில் குழைத்து மீன் மேல் அப்பி, பாத்திரத்தை மூடி, அடியில் கங்கு, மூடியின் மேலும் கங்கு. மேலும் கீழும் சூடு, நடுவில் மீன். இன்றைய ஓவனின் இரண்டு கம்பிச்சுருள்களும் செய்வது அதே வேலைதான். மீனில் இல்லாத கொழுப்பைத் தேங்காயும் எள்ளும் கொடுக்கின்றன. தயிர் ஈரத்தைக் காக்கிறது. கரி அடுப்பு இல்லாத பிளாட்டுகளில் இந்தப் பதார்த்தத்துக்கு ஓவன்தான் சரியான வாரிசு.

ஊர்ப் பற்றில் சால்மனுக்கும் இதே மசாலாவை அப்பினால் கொழுப்பின் மேல் கொழுப்பு, திகட்டிவிடும். அதற்கு எலுமிச்சையும் பச்சை மிளகாயும் கொத்துமல்லியும் போதும். மீனில் கொழுப்பு இருந்தால் புளிப்பு, இல்லாவிட்டால் தேங்காய். இந்தக் கணக்கு புரிந்தவர்களுக்கு எந்த மீனும் அந்நியமில்லை.

குளிர்நாட்டு மீனுக்கு நார்வேயைத்தான் நம்ப வேண்டும் என்பதும் இல்லை. சால்மனின் நெருங்கிய உறவான டிரவுட்டை வெள்ளைக்காரர்கள் நீலகிரி ஓடைகளில் கொண்டுவந்து விட்டார்கள். இப்போது அதே இன மீனை, ஹைதராபாத்தை ஒட்டிய கந்துகூரில், குளிரவைத்த நீரைச் சுத்திகரித்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் தொட்டிகளில் வளர்க்கிறார்கள். வெயில் கொளுத்தும் தெலங்கானாவில் குளிர்நீர் மீன்! மின்கட்டணத்தைத் தாங்கி அது சாமானியர் வாங்கும் விலைக்கு வந்தால் ராம்நகர் தொட்டிகளுக்குப் பக்கத்தில் அதற்கும் ஓர் இடம் கிடைக்கலாம். அதுவரை, மாதச் சம்பளக்காரரின் ஓவனுக்கு விராலே உத்தமம்.