புரையேறினா யாரோ நினைக்கிறாங்களா?

சாப்பிடும்போது புரையேறினா நம்ம வீடுகள்ல என்ன சொல்லுவாங்க? உச்சந்தலையில ரெண்டு தட்டு தட்டி, "யாரோ உன்னை நினைக்கிறாங்க"ன்னு சொல்லுவாங்க. ஆவடியில எங்க வீட்டுலயும் அதேதான். தாத்தாவுக்கு லேசா பக்கவாதம் வந்து, ஆஸ்பத்திரியில இருந்து திரும்பின பிறகு, தண்ணி குடிக்கும்போதெல்லாம் புரையேறிச்சு. "துபாய்ல மாமா நினைக்கிறாரு போல"ன்னு சிரிச்சோம். ரெண்டு வாரம் சிரிச்சோம். அப்புறம் காய்ச்சல், மூச்சுத் திணறல். நிமோனியா. குடிச்ச தண்ணியும் கஞ்சியும் கொஞ்சம் கொஞ்சமா நுரையீரலுக்குள்ள போயிருக்குன்னு டாக்டர் சொன்னப்போ யாரும் யார் முகத்தையும் பார்க்கலை.

தாத்தா பிழைச்சுட்டார். விழுங்குறதுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு தெரபிஸ்ட் அம்மா வந்தாங்க. என் விரலைப் பிடிச்சு என் தொண்டையிலேயே வெச்சு, "எச்சில் முழுங்கு தம்பி"ன்னாங்க. உள்ளே ஏதோ டக்குன்னு மேலே ஏறி இறங்கிச்சு. அடுத்து தாத்தாவோட தொண்டையில. "முழுங்குங்க ஐயா." அங்கே தயங்கித் தயங்கி, பாதிதான் ஏறிச்சு. "அதை மேலே தூக்குறது ஹையாய்ட்னு ஒரு எலும்பு"ன்னாங்க. அன்னைக்கு ராத்திரி ஆரம்பிச்ச படிப்புதான் இந்தப் பதிவு. நான் உயிரியல் மாணவன் இல்லை, தப்பு இருந்தா சொல்லுங்க :-)

தமிழ்ல நாவடி எலும்பு. கழுத்தின் முன்பக்கம், தாடைக்குக் கீழே, குதிரை லாட வடிவத்துல இருக்கும். இதோட விசேஷம் என்னன்னா, வேற எந்த எலும்போடயும் இது மூட்டு போட்டுச் சேரலை. தசையும் தசைநாரும் கட்டி நிறுத்தியிருக்கு, ஊஞ்சல் மாதிரி. மேலே நாக்கு, கீழே குரல்வளை. நாம விழுங்கும்போது இந்த எலும்பு மேலேயும் முன்னாடியும் நகர்ந்து குரல்வளையைக் கூடவே இழுக்குது. மூச்சுக்குழல் வாய் மூடிக்குது, உணவுக்குழாய் வாய் திறக்குது. எல்லாம் ஒரு நொடிக்குள்ள. பக்கவாதத்துல கெட்டது எலும்பு இல்லை, அதை இழுக்கிற தசைகளுக்கு மூளையில இருந்து வர்ற உத்தரவு.

சரி, இப்படி ஒரு எலும்பு எங்கிருந்து வந்தது? மீன் கடைக்குப் போங்க. கட்லா தலையில செவுள் மூடியைத் தூக்கினா, சிவப்பா செவுள் வரிசையா வளைவுகள் மேல உட்கார்ந்திருக்கும். அதுக்கு முன்னாடி இருக்கிற வளைவுதான் நாவடி வளைவு. மீன் அதைக் கீழே இறக்கினா வாய் அகலமாகும், தண்ணி உள்ளே வரும், செவுள் வழியா வெளியே போகும். நாம கருவா இருக்கும்போது நமக்கும் அந்த வளைவுகள் வருது. ரெண்டாவது, மூணாவது வளைவுகள்ல இருந்துதான் நம்ம நாவடி எலும்பு உருவாகுது. மீன்கள்ல தாடையைத் தாங்கின அதே ரெண்டாவது வளைவோட மேல் துண்டு, நமக்குக் காதுக்குள்ள இருக்கிற குட்டி அங்கவடி எலும்பாச்சு!

ஒவ்வொரு பிராணியும் இதை ஒவ்வொரு விதமா பயன்படுத்துது. தவளை வாயின் அடித்தளத்தை ஏத்தி இறக்கி நுரையீரலுக்குக் காத்தை அனுப்புது. மரங்கொத்திக்கு இதோட கொம்புகள் நீண்டு மண்டையோட்டைச் சுத்தி வளைஞ்சு போகுது. நாக்கை அவ்வளவு தூரம் நீட்டுறது அதனாலதான். எங்க தெரு தென்னை மரத்துல கொத்துற பொன்முதுகு மரங்கொத்தியை இப்போ வேற கண்ணோட பார்க்கிறேன். ஓணான் தொண்டையைப் புடைக்கிறதும் இந்த எலும்பை வெச்சுத்தான். விசிறித் தொண்டை ஓணான்னு ஒரு வகை, தொண்டைத் தோலை விசிறி மாதிரி விரிக்கும். 1829ல கூவியே ஒண்ணுக்கு பாண்டிச்சேரி பேரை வெச்சு சிட்டானா பாண்டிசெரியானான்னு பேர் வெச்சார். 2016ல நம்ம பக்கத்து இனம் ஒண்ணுக்கு சிட்டானா விசிறின்னே பேர் வெச்சாங்க. பனையோலை விசிறிதான்!

நமக்கு ஏன் புரையேறுது? மீன் மாதிரியான மூதாதைகள்ல நுரையீரல் உணவுக்குழலோட கீழ்ப்பக்கத்துல பையா முளைச்சது. மூக்கு மேல்பக்கம். அதனால காத்து வழியும் சோத்து வழியும் குறுக்கே வெட்டிக்குது. டார்வினே 1859ல இந்த விசித்திரத்தைப் பத்தி எழுதியிருக்கார். போதாக்குறைக்கு, குழந்தைப் பருவத்துல உயரத்துல இருக்கிற நம்ம குரல்வளை வளர வளரக் கீழே இறங்குது. பேச்சுக்கு வசதின்னு சொல்றாங்க. 1983ல இஸ்ரேலின் கெபாரா குகையில சுமார் 60,000 வருஷம் பழைய நியாண்டர்தால் நாவடி எலும்பு கிடைச்சது. கிட்டத்தட்ட நம்மோடது மாதிரியே இருந்தது. அவங்க பேசினாங்களான்னு அந்த ஒரு எலும்பை வெச்சு முடிவு சொல்ல முடியாது.

தாத்தா இப்போ தாடையைக் குனிஞ்சு, ஒவ்வொரு வாயா, நிதானமா காபி குடிக்கிறார். அவருக்குச் சொல்லிக் கொடுத்த முறை அது. பாட்டி பக்கத்துலயே உட்கார்ந்து தொண்டையைப் பார்த்துக்கிட்டே இருப்பாங்க. உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு, முக்கியமா பக்கவாதம் வந்தவங்களுக்கு, அடிக்கடி புரையேறினா தலையில தட்டிட்டு விட்டுடாதீங்க. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

மாமா நினைச்சா போன் பண்ணிக்குவார்.